மும்பையில் ஒன்பது மணி நேரம்

தோஹாவிலிருந்து வந்த ஜான்சன் மும்பையில் இமிகிரேஷன் முடித்து, பெட்டியை எடுத்து, உள்நாட்டு கவுண்டரில் மறுபடி போட்டான். சென்னை விமானம் காலையில்தான். சதுரங்கப்பட்டினத்தில் அவன் அம்மா காசியம்மாள் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது. ஒன்பது மணி நேரமும் நாற்காலியில் கண் மூடாமல், "நான் வர்ற வரைக்கும் இரும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

மறுநாள் மதியம் தெருமுனையில் டாக்ஸியை விட்டு இறங்கியபோதே பந்தல் தெரிந்தது. தங்கை சிநேகா ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுவாள் என்று நினைத்தான். அவள் வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"காலைலருந்து எங்கண்ணா போய்ட்ட? குழி வெட்டறவங்க உன்னத் தேடிகினு கீறாங்க."

"இப்பதான் வரேன் சிநேகா. அம்மா எப்போ..."

"இன்னாண்ணா பேசற? உன் மடிலதான உசுரு போச்சு? ராவெல்லாம் நீதான தாங்கிப் புடிச்சிகினு இருந்த?"

அவள் முகத்தில் அழுது ஓய்ந்த களைப்பைத் தவிர வேறொன்றும் இல்லை. ஜான்சன் உள்ளே போய் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான். "கடைசியா எதுனா சொல்லிச்சா?" என்று சிநேகாவிடம் கேட்டான்.

"உன் காதுலதான சொல்லிச்சு," என்றாள் சிநேகா. "நீயும் தலையாட்டிகினே இருந்த. அது இன்னான்னு உன்னத்தான் கேக்கணும்னு இருந்தேன்."