கந்தகத் தணல்

உலையை அணைத்து ஆறு மணி நேரமாகியும் உள்ளே கிடந்த கால்சியம் சல்பைடு தூள் ஆறவில்லை. அந்தச் சூட்டில் காற்றுப் பட்டால் அது மறுபடி கனன்று கந்தகப் புகையைக் கக்கும் என்று ஆபரேட்டர் தேவசகாயத்துக்குத் தெரியும். அதனால் இளம் மேனேஜர் குலசேகரன் காற்று வால்வைத் திறக்க வந்தபோது அவர் குறுக்கே நின்றார்.

"சார், கீழ சாம்பல் குழியில அள்ளுற பிள்ளை ராசமணி இருக்கா. அவ ஏறி வரட்டும்."

"காத்து விட்டாத்தான் சீக்கிரம் ஆறும். நகருய்யா."

"ஆறாது சார், எரியும்!"

குலசேகரன் அவரை நெஞ்சில் கைவைத்துத் தள்ளிவிட்டு வால்வைத் திருகினான். சாம்பல் நிறத் தூள் செக்கச்செவேலென்று சீறியது. அனலும் புகையும் குழிக்குள் பாய, ராசமணியின் அலறல் கேட்டது. தேவசகாயம் ஸ்பேனரை எடுத்து, வால்வைப் பிடித்திருந்த அவன் கையின் மேல் ஓங்கி அடித்தார். எலும்பு முறிந்தது. அவர் வால்வை இறுக மூடினார்.

ராசமணி ஏணியைப் பற்றி ஏறி வந்து இருமியபடியே தரையில் சரிந்தாள். முகத்தின் ஒரு பக்கம் வெந்திருந்தது.

"கீழ ஆள் இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று முனகினான் குலசேகரன்.

தேவசகாயம் மறுபடி அடித்தார். இந்த முறை வாயில்.

ஆம்புலன்சில் ஏற்றும்போது ராசமணி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "ஒரே அடிதான்னு சொல்லிருங்கண்ணே. என்னைக் காப்பாத்தத்தான்னு சொல்லிருங்க."

இன்ஸ்பெக்டர் வந்து கேட்டார்.

"ரெண்டு அடிங்க," என்றார் தேவசகாயம். "மொத அடி அந்தப் பிள்ளைக்காக. அடுத்தது எனக்காக."