கூரைக்கு ஓட்டு

ஒரு பள்ளிக்கூடத்தின் கூரையைச் சரிசெய்ய வரி கொடுப்பதா என்று ஊரார் அங்கேயே ஓட்டுப் போட வந்தார்கள். வெளியாட்கள் வந்தால் கூரை ஒழுகும் இடத்தில் வைக்கும் வாளியை ஒளித்துவைப்பது அந்தப் பள்ளி வழக்கம். அன்றும் அதை அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டார்கள்.

"எல்லாம் பளிச்சுனு இருந்தா எவன் வரி குடுப்பான்? நல்லா ஒழுகு" என்றது வாளி.

"வந்தவங்க மேலயா? மரியாதையா இருக்காதேப்பா" என்றது கூரை.

"நாலு வருஷமா பிள்ளைங்க தலையில ஒழுகுறியே, அது மட்டும் மரியாதையா?"

மழை வந்தது. கூரை அடக்கிக்கொள்ளவில்லை. வரிசையில் நின்றவர்கள் நனைந்துகொண்டே 'வேணும்' பெட்டியை நிரப்பினார்கள்.

கூரையைச் சரிசெய்தபின் வந்த முதல் மழையில் வாளி வெளியே செடியோரம் உட்கார்ந்திருந்தது.

"இப்ப எப்படியிருக்கு?" என்று கேட்டது.

"ஒரு பிள்ளையும் என்னை நிமிர்ந்து பார்க்கிறதில்ல" என்றது கூரை. "நிம்மதியா இருக்கு."