அழிக்காதீங்க சார்!

என் ஆய்வுக் கட்டுரையில் தன் பெயரை முதலில் போடச் சொன்னார் பேராசிரியர். மறுத்தேன். மறுநாள் என் கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்.

“இந்த டிஸ்க்கை மொத்தமா அழிக்கப்போறேன்.”

“கும்பிடறேன் சார், அழிக்காதீங்க!”

“உன் திமிருக்கு இதுதான் மருந்து.”

பட்டனைத் தட்டினார். எல்லாம் போயிற்று.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

“சார், நம்ம யூனிக்ஸ் நெட்வொர்க்ல எங்கே உட்கார்ந்தாலும் அவங்கவங்க ஃபைல் தெரியும். ஆனா அது இருக்கிற டிஸ்க் வேற ஏதாவது கம்ப்யூட்டர்ல இருக்கும்.”

“அதுக்கென்ன இப்போ?”

“இந்த டிஸ்க்ல இருந்தது நீங்க எழுதிட்டிருந்த புத்தகம்.”

அவர் முகம் வெளிறியது. “அப்போ உன்னோடது?”

“உங்க ரூம் கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. நேத்தே காப்பி எடுத்துட்டேன்.”

“பாவி! முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“அழிக்காதீங்கன்னு கும்பிட்டுக் கெஞ்சினேனே சார்!”