கோல் ஓஃப் என்றால் என்ன?

சரீபுக்கு மூளை பிசகிவிட்டது என்று மதுரங்குளிச் சந்தியே சொன்னது. சொல்லாமல் என்ன செய்யும்?

மகள் சிபானாவுக்கு அடுத்த மாதம் நிக்காஹ். மாப்பிள்ளை வீடு சிலாபம். மாப்பிள்ளை வந்து குடியிருக்க வீட்டோடு ஓர் அறை கட்டி, பெயின்ட் காயவில்லை. ஆறு பேர் சுற்றியிருந்து சாப்பிடும் சஹன் தட்டு எத்தனை என்று சமையல்காரர் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் மாமா வாட்ஸ்அப்பில் நாலு வரி அனுப்பினார். இங்கிலிசில். கொழும்பில் பெரிய உத்தியோகம். தமிழில் எழுத வராது, அல்லது முகமில்லை.

ஜெமீலா புருசனிடம் படித்துப் படித்துச் சொன்னாள்.

"இஞ்ச பாருங்க, வெளியில காட்டாதீங்க. போன வருசம் பின்தெருப் புள்ளைட கலியாணம் நிண்டதுக்கு என்னவெல்லாம் சொன்னாங்க? வலிப்பு எண்டாங்க. வேற ஆளோட கதை எண்டாங்க. இண்டைக்கு வரைக்கும் ஒருத்தனும் பொண்ணு கேட்டு வரல்ல. சிபானாக்கும் காட்டாதீங்க. புள்ள தாங்காது."

"ம்" என்றார் சரீப். நேரே பாமசிக்குப் போனார்.

"றிம்ஸான், இதில கோல் ஓஃப் எண்டிருக்கு. என்ன அது?"

மருந்துக்கு நின்ற பெண்களை மறந்துவிட்டு றிம்ஸான் வாசித்தான். சத்தமாக வேறு வாசித்தான்.

"மற்ற வரியெல்லாம் லேசு, சரீப் நானா. மகன் இன்னும் தயாரில்ல. உங்கட மகள்ல ஒரு குறையும் இல்ல. பிழையெல்லாம் எங்கட பக்கம், மன்னிச்சுக்கொள்ளுங்க. இவ்வளவுதான். இந்த கோல் ஓஃப்தான்... கோல் எண்டா போன்ல பேசுறது. ஓஃப் எண்டா நிப்பாட்டுறது. இனி போன்ல பேச வேணாம் எண்டாக்கும்."

"அப்ப கலியாணம்?"

"அது நடக்கும் போல."

அடுத்தது டியூட்டரி. நளீம் சேர் பாடத்தை விட்டுவிட்டு வந்தார். வாசித்தார். அவருக்கு அர்த்தம் தெரியும். சரீபின் முகத்தைப் பார்த்தார். சொல்ல வாய் வரவில்லை.

"தள்ளி வைக்கிறது எண்டும் எடுக்கலாம், நானா."

"வேற?"

"ஒத்திப்போடுறது."

"ரெண்டும் ஒண்டுதானே, சேர்?"

"ஓம்... ஒண்டுதான்."

தேத்தண்ணிக் கடையில் இன்னாசித்தம்பி இருந்தார். அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்து பென்சன் எடுத்தவர்.

"சேருக்கென்ன விசரா? தள்ளி வைக்கிறதுக்குப் பேர் புட் ஓஃப். இது கோல் ஓஃப். ரத்து! கிரிக்கெட் மெச் மழைக்கு நிண்டா என்ன சொல்றான்?"

"மழைக்கு நிண்டா பேந்து ஒரு நாள் விளையாடுவாங்கதானே?" என்றான் மிஹ்லார். ஊரில் எந்தக் கதையும் இவன் வாயில் ஏறி இறங்காமல் அடுத்த தெருவுக்குப் போகாது.

"அது வேற, மடையா!"

"எல்லாம் வேறதான். கோல் ஓஃப், புட் ஓஃப், சுவிட்ச் ஓஃப். இங்க தாங்க நானா, நான் பாக்குறன்."

"உனக்கு இங்கிலிஸ் தெரியுமா?"

"எழுத்துக் கூட்டுவன்."

போன் மேசை மேசையாகப் போனது. மீன் வைத்த மாலுபாண் தின்ற விரல் அத்தனையும் அதில் பட்டது. ஒருவர் வாபஸ் என்றார். ஒருவர் கைவிடுவது என்றார். பஸ் கொண்டக்டர் ஒருவர், வேலைக்குப் போகாமல் நிற்பது என்றார். சண்டை வராத குறை.

சரீப் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினார்.

"ஒண்டும் விளங்கல்லையே. முதல்ல இருந்து முழுசா ஒருக்கா வாசிங்களன்."

வாசித்தார்கள். திரும்பவும் சண்டை.

பெற்ற மகளின் மானத்தைத் தேத்தண்ணிக் கடை மேசையில் வைத்துவிட்டு ஒரு தகப்பன் அர்த்தம் கேட்டுக்கொண்டிருக்கிறான். பார்த்தவர்களுக்கு ஆத்திரம்தான் வந்தது.

அஸர் தொழுகை முடிந்து அவர் வீட்டுக்கு வந்தபோது ஜெமீலா குசினியில் அழுதுகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு ஜெய்னம்பு தேற்றிக்கொண்டிருந்தாள்.

"அழாத ஜெமீலா. உன்ட புள்ளையில என்ன குறை? பிழை தங்கட பக்கம் எண்டு அவங்களே எழுதியிருக்காங்களாமே. என்ட மனிசன் தன்ட கண்ணால வாசிச்சாராம். நல்ல புள்ளைய விட்டுட்டாங்க, குடுப்பினை இல்லாத சனம் எண்டு மிஹ்லார் சந்தி முழுக்கச் சொல்லித் திரியிறானாம்."

ஜெய்னம்பு போனாள். ஜெமீலா புருசனிடம் பாய்ந்தாள்.

"ஊரெல்லாம் அலைஞ்சு கேட்டீங்களே! கடைசியில அந்த அறுவான் சொல்லுக்கு என்னதான் அர்த்தமாம்?"

"கலியாணம் இல்ல எண்டு அர்த்தம்."

"யார் சொன்ன? இன்னாசித்தம்பி அண்ணனா?"

"சிபானா."

ஜெமீலாவுக்கு அழுகை நின்றுவிட்டது.

"மெசேஜ் வந்த உடனே, உன்னட்ட சொல்ல முந்தியே, அவளுக்கிட்டத்தான் குடுத்தன். வாசிச்சுச் சொல்லிட்டாள்."

"தெரிஞ்சுகொண்டேயா? பிறகென்னத்துக்கு ஊருக்கு முன்னால ஒண்டும் தெரியாதவன் மாதிரி நிண்டீங்க?"

சரீப் சட்டையைக் கழற்றிக் கதிரையில் போட்டார்.

"என்ட மகள்ல குறையில்ல எண்டு நான் சொன்னா ஒருத்தன் நம்புவானா? இப்ப அவனவன் வாசிச்சிட்டான்."