காலிக் கொக்கி

சாவிப் பலகையில் ஒரு கொக்கி மட்டும் காலியாக இருக்கிறது. அதன் மேல் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிய, எங்கோ ஒரு மணி ஓயாமல் அடிக்கிறது. ஆராய்ச்சி வளாகத்தின் சுரங்கத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் நகர முடியாமல் நிற்கிறார்கள். உள்ளே போகும்போது ஆளுக்கொரு சாவி கொடுத்திருந்தார்கள். எல்லாம் திரும்பி வந்தால்தான் சுரங்கத்துக்குள் கதிர்வீச்சு இயந்திரம் ஓடும். ஒன்று குறைந்தாலும் உள்ளே ஆள் இருப்பதாக அர்த்தம். வழிகாட்டிப் பெண் மறுபடி எண்ணுகிறாள். தலை சரியாக இருக்கிறது, சாவிதான் குறைகிறது. "யாரோ வீட்டு பீரோவுக்குப் போட்டுப் பாக்க எடுத்துட்டாங்க போல," என்கிறார் தொப்பைக்காரர் ஒருவர். யாரும் சிரிக்கவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் ஒருவன் தன் சின்ன மகளோடு நிற்கிறான். மகளின் கை கவுன் பைக்குள் இறுகிக் கிடப்பதை அவன் பார்த்துவிட்டான்.

"குடுத்துரு கண்ணு," என்று குனிகிறான்.

"மாட்டேன். குடுத்தா மெஷின் ஓடும்."

"ஓடட்டுமே. உள்ளதான் யாரும் இல்லியே."

"ஆஸ்பத்திரியில அம்மாவுக்கு கதிர் வைக்கிறப்ப இப்படித்தான் கதவைச் சாத்துனாங்க. ஒண்ணும் ஆகாதுன்னு நீதான சொன்னே."

மகளின் நெற்றியில் சிவப்பு வெளிச்சம் வந்து வந்து போகிறது. கூட்டத்தில் யாரோ 'உச்' கொட்டுகிறார்கள். வழிகாட்டிப் பெண் ஒவ்வொரு முகமாகப் பார்த்தபடி இவர்கள் பக்கம் வருகிறாள். அவன் நிமிர்ந்து, மகளை மறைத்தாற்போல் நிற்கிறான்.

"என்கிட்டதாங்க இருக்கு," என்கிறான். "கொஞ்ச நேரம் கழிச்சுத் தரேன்."