யாரும் அனுப்பாத திருத்தம்

“எட்டு தேயிலை பெக்டரிக்கு என் கம்பியூட்டர் புரோகிராமைப் பிளாப்பியில போட்டு அனுப்பினேன்பா. ரெண்டு வருசமாச்சு, இந்த வீட்டு விலாசத்துக்கு ஒருத்தனாவது ஒரு வரி பதில் போட்டானா?”

றோசாலி பேனாவை மேசையில் எறிந்தாள். பதுளையில் கணினி வகுப்பு எடுக்கும் அவள், ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் லுணுகலைப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் அப்பாவின் லய வீட்டுக்கு வருவாள்.

அப்பா லூக்காஸ் கோப்பையை நீட்டினார். “மொதல்ல தேத்தண்ணியைக் குடி தாயி. சும்மா குடுத்தா எவன் மதிப்பான்?”

“சும்மாவா குடுத்தேன்? கொழுந்து எத்தனை மணி நேரம் வாடணும்னு மழைக்கும் வெயிலுக்கும் தனித்தனியாச் சொல்ற புரோகிராம். உள்ள நான் எழுதினது அத்தனையும் தொறந்து காட்டினேன். எல்ல பெக்டரிக்காரன் ஒரு குறையைத் திருத்தி எனக்கு அனுப்பணும். நான் அதை அப்புத்தளைக்காரனுக்கு அனுப்புவேன். ஆளுக்கு ஒரு கை வச்சா எட்டு பெக்டரித் தூளும் நல்லா வரும். அதான் பேச்சு.”

“தொழில் ரகசியத்தைப் பக்கத்துக்காரனுக்குச் சொல்ற முதலாளி எங்க இருக்கான்?”

“வெளிநாட்டுல இருக்காங்கப்பா.”

“அப்போ அங்கயே அனுப்பியிருக்கணும்.”

அவள் சிரிக்கவில்லை. “ஒருவேளை, தபால்ல தொலைஞ்சிருக்குமோ?”

லூக்காஸுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “பதினெட்டு வருசமா தோட்டத்துத் தபால் பையைத் தூக்குறேன். எவன் கடுதாசியாவது தொலைஞ்சிருக்கா? லயத்துல கேட்டுப் பாரு!”

“கோவிச்சுக்காதீங்க. உங்களைச் சொல்வேனா?”

றோசாலி கைப்பையிலிருந்து ஒரு பத்திரத்தை எடுத்தாள். கொழும்புக் கம்பனி ஒன்று பதுளை வகுப்புக்கே ஆளனுப்பி அந்தப் புரோகிராமைக் கேட்டிருந்தது. ஒரே நிபந்தனை: இனி அதன் உள்ளே வேறு யாரும் பார்க்கக்கூடாது, தொடக்கூடாது. மூன்று மாதமாக அவள் மறுத்து வந்த நிபந்தனை.

“நாலு பேரு சேந்து செய்வாங்கன்னு நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.”

கையெழுத்துப் போட்டாள். கண் கலங்கியதில் அது கோணலாக விழுந்தது.

“அப்போ இனிமே உனக்கு யாரும் எதுவும் அனுப்ப மாட்டாங்கல்ல?”

“இதுவரைக்கும் மட்டும் யாருப்பா அனுப்பினா?”

மகளின் தலையைத் தடவிவிட்டு, நாளைத் தபாலுக்கு அந்தப் பத்திரத்தை உறையிலிட்டு வாங்கிக்கொண்டு லூக்காஸ் வெளியே வந்தார். இரண்டு வருடமாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது போலிருந்தது.

இரண்டு வருடத்துக்கு முன், பக்கத்து லயத்து ஜொனிக்குத் தபாலில் வந்த ரேடியோ சாமானைக் குண்டுச் சாமான் என்று சொல்லித்தான் பொலிஸ் அவனைக் கூட்டிக்கொண்டு போனது. இன்னும் அவன் திரும்பவில்லை. றோசாலியையும் அப்படிக் கூட்டிக்கொண்டு போனால், பொலிஸுக்கு விளக்கிச் சொல்ல லூக்காஸுக்குச் சிங்களமும் வராது.

அதனால்தான், எல்லயிலிருந்தும் அப்புத்தளையிலிருந்தும் றோசாலி பெயருக்கு வந்த பதினொரு பிளாப்பி உறைகளையும், பிரிக்காமலேயே, தேயிலைத் தொழிற்சாலை அடுப்பில் போட்டிருந்தார்.