பதினோராவது படம்

டாஸ்மேனியாத் தீவின் ஒரு சிற்றூர் சினிமா மன்றத்தில், வருடம் ஒருமுறை எல்லோரும் தங்களுக்கு உயிரான பத்துப் படங்களை அட்டையில் எழுதிப் பலகையில் குத்துவார்கள். பிறர் அட்டைகளைப் படித்து நக்கலடிப்பது உறுப்பினர் கிளெம்மின் வழக்கம்.

இந்த வருடம் அவர் அட்டையில் பதினொன்று இருந்தது. கடைசிப் படத்தின் பெயர் ‘14, வாட்டில் தெரு’. அது அவர் வீட்டு முகவரி. கையெழுத்தும் அவருடையதே.

“எவன் வேல இது?” என்று அந்த வரியைப் பேனாவால் அடித்தார்.

“ஏன் அடிக்கிற? எங்களுக்கு அதுதான் முதல் படம்” என்றாள் செயலாளர் நெரிடா.

மற்ற இருபத்திரண்டு அட்டைகளிலும் அதுவே முதலில் இருந்தது.

“அப்படி என்ன கதை?”

“பெருசா ஒண்ணுமில்ல. ஒரு ஆளு வீட்டுல தனியா டீ போடுவான். கதவத் தட்டுவாங்க. முடிவுதான் பிரமாதம்.”

எல்லோரும் கோட்டுகளை மாட்டிக்கொண்டார்கள்.

“நீ முன்னால போ, கிளெம்” என்றாள் நெரிடா. “போய் டீயப் போடு.”